ஒரே எக்செல் ஃபைல், இரண்டு கம்ப்யூட்டர், இரண்டு வேகம்: எதில் கை வைப்பது?

ஒரு எக்செல் ஃபைல் இந்தக் கம்ப்யூட்டரில் சட்டென்று கணக்குப் போட்டு முடிக்கிறது, அடுத்த மேசையில் அதே ஃபைல் திணறுகிறது என்றால், எல்லோரும் முதலில் சொல்வது "ராம் (மெமரி) போடு" என்பதுதான். புது பிராசசர், 64 பிட் எக்செல் (கூடுதல் மெமரியைப் பயன்படுத்தத் தெரிந்தது), மேனுவல் மோட் (நாம் சொன்னால்தான் கணக்குப் போடும் அமைப்பு), ஃபார்முலாவைத் திருத்துவது, வேறு மென்பொருளுக்குத் தாவுவது என்று ஆளாளுக்கு ஒரு மருந்து கைவசம் இருக்கிறது. என்னைக் கேட்டால் ராம் கடைசி.

காரணம் டாஸ்க் மேனேஜரிலேயே தெரியும். இரண்டு மெஷினிலும் அந்த ஃபைலை மட்டும் திறந்து கன்ட்ரோல்+ஆல்ட்+எஃப்9 அழுத்துங்கள், எல்லா ஃபார்முலாவும் மறுபடி ஓடும். அப்போது மெமரி நிரம்பி, டிஸ்க்கும் 100 சதவீதத்தில் நின்றால் ராம் போடுவதில் அர்த்தம் உண்டு. பாதி மெமரி சும்மா கிடக்கும்போது இன்னொரு 8 ஜிபி போட்டால் சும்மா கிடப்பதுதான் கூடும். 64 பிட்டும் இதே கதைதான். மெமரி போதவில்லை என்று 32 பிட் எக்செல் அழுதால் மாறுங்கள், மெதுவாக இருக்கிறது என்பதற்காக மட்டும் வேண்டாம்.

பிராசசர் கொஞ்சம் வேறு. எட்டு லாஜிக்கல் பிராசசர் உள்ள மெஷினில் எக்செல் பிராசசரில் 12, 13 சதவீதத்தைத் தாண்டாமல் உறைந்து நிற்கிறது என்றால் ஒரே ஒரு த்ரெட்தான் (ஒரு நேரத்தில் ஓடும் ஒரு வேலை வரிசை) உழைக்கிறது என்று பொருள். எக்செல் 2007 முதலே பல த்ரெட்டில் கணக்குப் போடத் தெரியும், ஆனால் விபிஏவில் (எக்செலுக்குள் இருக்கும் மேக்ரோ மொழி) நாமே எழுதிய ஃபங்ஷன், எழுத்தாகக் கொடுத்த செல் முகவரியைத் தேடிப் போகும் இன்டைரக்ட் மாதிரியானவை ஒரே த்ரெட்டில்தான் ஓடும். மேல் செல்லை நம்பிக் கீழ் செல் என்று நீளமாக இறங்கும் மீதித்தொகைக் கணக்கையும் பிரித்துக் கொடுக்க முடியாது. அப்படிப்பட்ட ஃபைலுக்கு 16 கோர் வாங்குவது வீண், ஒரு கோரின் வேகம்தான் பேசும். அந்த மல்டி-த்ரெட் அமைப்பையே யாராவது அணைத்து வைத்திருக்கவும் கூடும் (ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு, ஃபார்முலாஸ் பகுதியில் இருக்கிறது). லேப்டாப் என்றால் பேட்டரி சேவரையும் ஒரு பார்வை பாருங்கள்.

பலருக்கும் தோன்றாத சந்தேகம் ஒன்று உண்டு: வேகமாக இருக்கும் கம்ப்யூட்டர் உண்மையிலேயே கணக்குப் போடுகிறதா? ஆட்டோமேட்டிக்கா மேனுவலா என்பதை எக்செல் முதலில் திறந்த ஃபைலிலிருந்து எடுத்துக்கொண்டு, பிறகு திறக்கும் எல்லாவற்றுக்கும் அதையே பூசிவிடும். காலையில் யாரோ அனுப்பிய மேனுவல் ஃபைலைத் திறந்துவிட்டு உங்கள் ஃபைலையும் திறந்தால் அது பறக்கும்தான், ஆனால் திரையில் நிற்பது பழைய எண்கள். கீழே ஸ்டேட்டஸ் பாரில் 'கால்குலேட்' என்று தெரிந்தால் இதுதான் விஷயம். அதனால்தான் மேனுவல் மோடை ஒரு தீர்வாகச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. தனி ஆளாக, எஃப்9 அழுத்தும் பழக்கத்தோடு வேலை செய்தால் சரி, நாலு பேர் புழங்கும் ஃபைலில் தப்பான மொத்தம் எப்போது வெளியே போகும் என்று யாருக்கும் தெரியாது.

அடுத்தது வெர்ஷன். ஆஃபிஸ் 365-இல் 1809 வெர்ஷனிலிருந்து, ஒரே டேபிளில் வி-லுக்கப் (ஒரு மதிப்பைத் தேடி அதே வரிசையின் வேறு பத்தியிலிருந்து விடை எடுக்கும் ஃபங்ஷன்) திரும்பத் திரும்பத் தேடும்போது உள்ளுக்குள் ஓர் இண்டெக்ஸ் தயாரித்து வைத்துக்கொள்கிறது. எக்செல் 2016-இல் அது கிடையாது. சுமாரான லேப்டாப் ஒன்று வாட்டசாட்டமான டெஸ்க்டாப்பை முந்துவதற்கு இதுவே போதும். இன்னொன்று, பழைய வெர்ஷனில் சேமித்த ஃபைலைப் புதியதில் திறந்தால் முழுக் கணக்கும் மறுபடி ஓடும், ஆக திறக்கும்போது மட்டும் புது மெஷின் மந்தமாகத் தெரியலாம்.

இவை எல்லாவற்றையும்விட ஃபார்முலாவில் கை வைப்பதுதான் லாபம், கணக்கைப் பாருங்கள். அந்த இண்டெக்ஸ் இல்லாத வெர்ஷனில் 40,000 வரிசை, ஒவ்வொன்றும் இன்னொரு 40,000 வரிசை டேபிளில் துல்லியப் பொருத்தம் தேடுகிறது. சராசரியாகப் பாதி தூரம் போக வேண்டும், ஆக ஒரு பத்திக்கே 80 கோடி ஒப்பீடு. ஐந்து பத்தி எடுத்தால் 400 கோடி. எத்தனையாவது வரிசை என்று சொல்லும் மேட்ச் ஃபங்ஷனை ஒரு தனிப் பத்தியில் ஒரு தடவை போட்டு, மற்ற ஐந்தையும் அந்த வரிசை எண்ணை வைத்து எடுத்துத் தரும் இண்டெக்ஸ் ஃபங்ஷன் வழியாக எடுத்தால் மறுபடி 80 கோடிக்கு இறங்கிவிடும். டேபிளை வரிசைப்படுத்தித் தோராயப் பொருத்தத்தில் தேடினால், ஒவ்வொரு தடவையும் பாதியை ஒதுக்கிவிட்டுத் தேடுவதால் ஒரு தேடலுக்கு 16 ஒப்பீடு, மொத்தம் 6.4 லட்சம்தான். கிடைத்தது தேடியதேதானா என்று சரிபார்க்க இன்னொரு தேடல் சேர்த்தாலும் 13 லட்சத்தைத் தாண்டாது. எந்தப் புது மெஷினும் இந்த அளவு வித்தியாசம் தராது. கூடவே ஆஃப்செட், இன்டைரக்ட், இன்றைய தேதி தரும் டுடே ஆகிய ஃபங்ஷன்கள் எல்லாம் எங்கே எதை மாற்றினாலும் மறுபடி ஓடுபவை, தங்களை நம்பியிருக்கும் செல்களையும் இழுத்துக்கொண்டு ஓடும். டுடேயை ஒரே செல்லில் வைத்துவிட்டு மற்ற இடங்களில் அந்தச் செல்லைக் காட்டினாலும் அந்த இழுவை நிற்காது, தேதியையே கையால் போட்டால்தான் நிற்கும்.

வேறு மென்பொருளுக்குத் தாவச் சொல்பவர்கள், லிப்ரே ஆஃபிஸ் கால்க்கில் ஃபைல் சட்டென்று திறக்கிறதே என்பார்கள். எக்செல் ஃபைலைத் திறக்கும்போது மறுகணக்கு வேண்டாம் என்பதுதான் அங்கே இயல்பான அமைப்பு, சேமித்த விடையை அப்படியே காட்டுகிறது. ஒப்பிடுவதென்றால் முழுக் கணக்கையும் ஓடவிட்டு ஒப்பிடுங்கள். கூகுள் ஷீட்ஸில் ஒரு கோடி செல் உச்சவரம்பு, விபிஏ ஓடாது.

ஃபைல் உங்களுடையது இல்லை, ஃபார்முலாவைத் தொட அனுமதியும் இல்லை என்றால் புது மெஷின் கேட்பதற்கு முன்னால் புது வெர்ஷன் கேளுங்கள்.