எட்டாம் வகுப்புக்கு வலைப்பூவா, கையெழுத்து இதழா?

எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைப் பாடப்புத்தகத்துக்கு வெளியே எழுத வைக்க என்ன வழி என்று பேசியபோது மூன்று யோசனைகள் வந்தன: வாட்ஸ்ஆப் குழு, கையெழுத்து இதழ், வகுப்பு வலைப்பூ. நான் வலைப்பூவை எடுத்தேன். இன்னும் அந்தக் கட்சிதான்.

வாட்ஸ்ஆப் வீட்டுப்பாடம் சொல்லச் சரி. காலையில் போட்ட கட்டுரை சாயங்காலத்துக்குள் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் போய்விடும். குழுவில் உள்ளவர்களின் கைப்பேசி எண்களும் வெளியே தெரியும்.

கையெழுத்து இதழை அப்படித் தள்ள முடியாது. தாளும் ஸ்கெட்ச் பேனாவும் போதும். படம் வரைகிற பிள்ளைக்கும் இடம் உண்டு. பிழையும் மறையாது. கைப்பேசியில் தட்டச்சு செய்தால் பாதிச் சொல்லிலேயே முழுச்சொல்லைப் பரிந்துரைத்துவிடும். றகரமா ரகரமா என்ற குழப்பம் பிள்ளைக்கு இருப்பதே தெரியாது. அதனால் முதல் வரைவு நோட்டில்தான் என்று வைத்திருக்கிறேன். வீட்டில் கைப்பேசி கிடைக்காத பிள்ளைகளுக்கும் அதுவே வசதி. பள்ளிக் கணினி அறையில் முறை வரும்போது தட்டச்சு செய்துகொள்வார்கள்.

ஆனால் இதழ் தோற்பது திருத்தி எழுதுவதில். மை காய்ந்த பக்கத்தில் ஒரு பத்தியை மாற்றச் சொன்னால் பக்கம் முழுவதையும் மறுபடி எழுத வேண்டும். பிள்ளை முகம் சுளிக்கும், ஆசிரியரும் 'சரி, இருக்கட்டும்' என்று விட்டுவிடுவார். எழுத்துப் பயிற்சியில் பாதி அங்கேயே போயிற்று. படியெடுக்கும் வேலையும் அழகான கையெழுத்துள்ள நாலு பேரிடமே போய்ச் சேரும்.

வலைப்பூவில் 'திருவிழா சிறப்பாக நடந்தது' என்று ஒரு பிள்ளை எழுதினால், 'என்ன சிறப்பு?' என்று கீழே இன்னொரு பிள்ளை கேட்கும். அடுத்த வரைவில் ராட்டினம் வரும், பஞ்சுமிட்டாய்க்காரரோடு பேரம் வரும். நான் சிவப்பு மையில் 'விரிவாக எழுதுக' என்று போட்டால் இதெல்லாம் வராது. 'சூப்பர்' என்ற கருத்தை மட்டும் ஏற்பதில்லை. பிடித்த ஒரு வரியைக் குறிப்பிட்டு ஒரு கேள்வியும் கேட்க வேண்டும். அதற்குக் கட்டுரையைக் கடைசி வரை படித்தாக வேண்டுமே! வாசிப்புப் பயிற்சி அப்படித்தான் நுழைகிறது.

எந்தத் தளம் என்பதையும் இப்படித் திருத்தி எழுதுவதை வைத்தே முடிவுசெய்தேன். பிளாகர் எளிது, நாமே சேர்க்காதவரை விளம்பரம் கிடையாது. ஆனால் அங்கே எழுதுபவராகச் சேர்த்த பிள்ளை யாரையும் கேட்காமல் வெளியிடலாம், பழைய வரைவுகளும் தங்காது. வேர்ட்பிரஸ்.காமில் பிள்ளைகளைப் 'பங்களிப்பாளர்' ஆக்கிவிட்டால் எழுதலாம், வெளியிட முடியாது. அது நம் கையில். முந்தைய வரைவுகளும் சேமிக்கப்படுவதால், என்ன மாறியது என்று பிள்ளையோடு உட்கார்ந்து பார்க்கலாம். இலவசத் திட்டத்தில் விளம்பரம் வரும் என்பது எரிச்சல்தான்.

சுமை என்றால் கருத்துகளைப் படித்து அனுமதிப்பது. இது வாரம் முழுக்க நடக்கும் வேலை, சாயங்கால நேரத்தைத் தின்னும். வேறொரு ஆசிரியர் கைகொடுக்காவிட்டால் இரண்டு வகுப்புகளுக்கு மேல் எடுக்காதீர்கள். முழுப்பெயர், படம், ஊர் விவரம் எதுவும் வேண்டாம். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் எல்லாரும் குழந்தைகள்தான். பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிவிட்டு, அழைத்தவர்கள் மட்டும் படிக்கும்படி தளத்தைப் பூட்டி வைப்பது நல்லது.

இதனால் தேர்வு மதிப்பெண் ஏறியதா என்றால் உறுதியாகச் சொல்ல மாட்டேன். அதே சமயத்தில் நூலகப் பாடவேளையும் ஒழுங்காக நடந்தது. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளிடம் நான் முயன்றதில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கும் வயதில் சுவரில் ஒட்டும் கையெழுத்து இதழே பொருந்தும் என்று தோன்றுகிறது. அச்சில் பெயர் வர ஆசைப்படும் பிள்ளைகளின் நல்ல கட்டுரைகளை, பள்ளிக்கல்வித் துறையின் 'தேன்சிட்டு' இதழுக்கு அனுப்பச் சொல்கிறேன்.