வெனிஸ் வெள்ளிக் காசுன்னு நம்பி 260 யூரோ போச்சு, பாத்து வாங்குங்க

கோவம் அடங்கறதுக்குள்ள எழுதிடறேன். மிலான்ல வேலை பாக்குறேன், பழைய காசு சேக்குற பைத்தியம் உண்டு, அதுலயும் வெனிஸோட குரோஸோன்னா உசுரு. என்ரிக்கோ தாந்தோலோ டோஜேவா (வெனிஸோட ஆட்சித் தலைவரா) இருந்தப்ப அடிக்க ஆரம்பிச்ச காசு, ஒரு பக்கம் புனித மாற்கு டோஜே கையில கொடி குடுப்பாரு, மறுபக்கம் சிம்மாசனத்துல இயேசு, கிட்டத்தட்ட சுத்த வெள்ளி.

ஒரு ஆன்லைன் ஏல சைட்ல அவருக்கு அப்புறம் வந்த டோஜே பியெத்ரோ கிராதெனிகோ பேர் போட்ட காசு ரெண்டு, சேத்து 260 யூரோ. எனக்கு சந்தேகம் இருந்துச்சுதான். ஆனா வித்த ஆளு என்ன பண்ணான் தெரியுமா, அவனே போலி பத்தி எனக்கு பாடம் எடுத்தான்! செர்பியா ராஜா மிலுதினே இந்தக் காசப் பாத்து காப்பி அடிச்சாரு, எழுத்த நல்லா படிச்சுப் பாத்து வாங்குங்க தம்பின்னு மெசேஜ் போட்டான். இப்படி எச்சரிக்கிறவன் ஏமாத்துவானான்னு நெனச்சேன் பாருங்க, அங்கதான் விழுந்தேன். அவன் சொன்னான்னு சைட்டுக்கு வெளியில பேங்க் டிரான்ஸ்பர் வேற.

வந்ததும் எடை போட்டா ஒவ்வொண்ணும் 1.7 கிராம்தான். நல்ல காசு 2.1க்கு மேல இருக்கணும். கேட்டா தேஞ்சிருக்கும்ங்கிறான், அப்புறம் உங்க தராசு சரியில்லங்கிறான், அப்புறம் பதிலே இல்ல. சைட்காரங்க, வெளியில பணம் கட்டினதுக்கு நாங்க பொறுப்பில்லன்னு ரெண்டு வரி, கேஸ் குளோஸ்.

ஞாயித்துக்கிழமை இங்க மிலான்ல கொர்தூசியோ பக்கம் காசு சந்தைல ஒரு பெரியவர்கிட்ட காட்டினேன். லென்ஸ் வெச்சு ஒரு நிமிஷம்கூட பாக்கல. விளிம்புல வார்ப்புக் கோடு (உருக்கி அச்சுல ஊத்தினா வர்றது), ரெண்டு காசுலயும் டோஜே தோள்ல ஒரே எடத்துல ஒரே கீறல். அடிச்சதுக்கு அப்புறம் விழுற கீறல் எப்படி ரெண்டுலயும் ஒரே மாதிரி இருக்கும்னு கேட்டாரு. ஒரே காசுல அச்சு எடுத்து வார்த்திருக்கானுங்க. 260 யூரோ!

சரி, வாங்கறவங்களுக்கு: எடை கேளுங்க, விளிம்பு போட்டோ கேளுங்க, சைட்டுக்கு வெளியில பணம் அனுப்பாதீங்க. இத்தாலில வியாபாரமா விக்கிறவங்க அசல்னு எழுதிக் குடுக்கணும்னு சட்டமே இருக்கு, நான் கேக்கல. இன்னும் நெறைய எழுதணும்னுதான் உக்காந்தேன், ஆனா இப்பதான் அந்த சைட்ட தொறந்து பாத்தேன், புதுசா ஒரு கிராதெனிகோ போட்டிருக்கான், தோள்ல அதே கீறல், ஏலம் 95 யூரோல ஓடுது.