மாதிரி எஸ்ஓபி கோப்பு: காசு கொடுத்து வாங்கலாமா?

பாலக்காடு, சித்தூர், கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில் வெளிநாட்டுப் படிப்புக்கு அனுப்பும் ஏஜென்சிகள் 'செலக்‌ஷன் ஆன எஸ்ஓபி' என்று ஒரு பிடிஎஃப் கொடுப்பது வழக்கம். எஸ்ஓபி என்பது, ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தோடு மாணவர் எழுதித் தரும் நோக்கக் கட்டுரை. அப்படி ஒன்றைப் பற்றித்தான் இந்த விமர்சனம், பெயர் வேண்டாம்.

பாடவாரியாகப் பிரித்திருப்பது நல்லது. ஆனால் எந்த ஆண்டு, எந்தப் பல்கலைக்கழகம், ஏன் தேர்வானது என்ற குறிப்பு ஒன்றுகூட இல்லை. பிரிட்டன் இளநிலைப் படிப்புக்கான மாதிரிகள் எல்லாமே பழைய பாணி, ஒரே நீளக் கட்டுரை. 2026 சேர்க்கையிலிருந்து, பிரிட்டன் பல்கலைக்கழக விண்ணப்பங்களைப் பொதுவாகப் பெறும் அமைப்பான யுகாஸ் அதை மூன்று கேள்விகளாகப் பிரித்துவிட்டது: ஏன் இந்தப் படிப்பு, படித்தது எப்படித் தயார்படுத்தியது, வகுப்புக்கு வெளியே என்ன செய்தீர்கள். இடைவெளியும் சேர்த்து மொத்தம் 4,000 எழுத்துக்குறிகள், ஒவ்வொரு பதிலுக்கும் குறைந்தது 350. பழைய மாதிரியின் முன்னுரையும் முடிவுரையும் இதில் வெறும் இடத்தைத்தான் தின்னும்.

இன்னொரு ஆபத்து, அதே கோப்பு பலர் கையில் இருப்பது. யுகாஸ் மென்பொருள் முன்பு வந்த விண்ணப்பங்களோடு ஒப்பிட்டு, ஒற்றுமை கூடினால் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவிக்கும். ஊர்ப் பெயரையும் கல்லூரிப் பெயரையும் மாற்றினால் தப்பிக்க முடியாது.

மாதிரியை அளவு பார்க்க மட்டும் எடுங்கள். ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் அது என்ன வேலை செய்கிறது என்று நாலு வார்த்தையில் எழுதுங்கள்: 'புராஜெக்ட், முறை, முடிவு' என்பது போல. பிறகு கோப்பை மூடிவிட்டு அந்தக் குறிப்புகளுக்கு நேரே உங்கள் விவரங்களை நிரப்புங்கள். நீர்வளப் பொறியியலுக்கு விண்ணப்பிக்கும் சித்தூர்ப் பிள்ளை 'சிறுவயது முதலே தண்ணீர் மீது ஆர்வம்' என்று தொடங்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையிலான பரம்பிக்குளம்–ஆழியாறு நதிநீர் ஒப்பந்தப்படி மணக்கடவில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் வர வேண்டும். அந்தக் கணக்கை வைத்து என்ன படித்தார், எதை அளந்தார் என்று எழுதினால் வேறு எவரும் அதை எழுத முடியாது.

காசில்லாமல் வேண்டுமென்றால் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் தேர்வான கட்டுரைகளைச் சேர்க்கைக் குழுவின் கருத்தோடு தளத்தில் வைத்திருக்கிறது. அந்தக் கருத்துக்காகவே படிக்கலாம். ஆனால் அது அமெரிக்க இளநிலைக் கட்டுரை, ஆளைக் காட்டுவது. பிரிட்டனில் கேட்பது பாட ஆர்வம். அந்த நடையை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

கோப்பின் கடைசியில் பரிந்துரைக் கடித மாதிரிகளும் உண்டு. அவற்றைத் தொடவே வேண்டாம். இரண்டு ஆசிரியர்களின் கடிதங்கள் ஒரே வாசகத்தில் போய்ச் சேர்ந்தால், நன்றாக எழுதிய எஸ்ஓபியும் சந்தேகத்தில் விழும். ஆசிரியரிடம் மதிப்பெண் பட்டியல், புராஜெக்ட் சுருக்கம், கடைசித் தேதி மூன்றையும் ஒரு தாளில் கொடுத்தால் போதும், அவரே எழுதிவிடுவார்.