இன்னைக்கு என்ன படம்? முகப்பா, ஜஸ்ட்வாட்சா, லெட்டர்பாக்ஸ்டா, மூபியா

சனிக்கிழமை ராத்திரி ஒன்பதரை. தட்டில் தோசை, கையில் ரிமோட். கீழே தள்ளி, வலது பக்கம் தள்ளி, ட்ரெய்லர் தானாக ஓட ஆரம்பித்ததும் பதறி அடுத்ததற்குப் போய், தோசை தீர்ந்தது, படம் முடிவாகவில்லை. பத்தேகாலுக்கு மனைவி "நீங்க தேடிக்கிட்டே இருங்க" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டார். மூன்று வாரம் இதே கதை. அதன் பிறகுதான், படம் தேட இருக்கிற வழிகளை ஒவ்வொன்றாக உட்கார்ந்து சோதித்துப் பார்த்தேன்.

எல்லோரும் முதலில் போய் நிற்பது ஓடிடியின் முகப்பில்தான். இதில் நெட்ஃபிளிக்ஸ் பழைய கை. தன் பரிந்துரைக் கணிப்பை 10 சதவீதம் துல்லியமாக்குபவர்களுக்கு 10 லட்சம் டாலர் தருவதாக 2006-இல் போட்டியே வைத்தது. 2009-இல் ஒரு குழு ஜெயித்தது. அதே மதிப்பெண் எடுத்த இன்னொரு குழு, விடையை 20 நிமிடம் தாமதமாகக் கொடுத்ததால் தோற்றது. ஆனால் ஜெயித்த முறையை நெட்ஃபிளிக்ஸ் முழுசாகப் பயன்படுத்தவே இல்லை. தபாலில் டிவிடி அனுப்பிய காலம் முடிந்து ஸ்ட்ரீமிங் வந்திருந்தது. நாம் எத்தனை நட்சத்திரம் கொடுத்தோம் என்பதைவிட எதைத் தட்டினோம், எங்கே நிறுத்தினோம் என்பது அவர்களுக்கு முக்கியமாகிவிட்டது. 2017-இல் நட்சத்திரத்தையே எடுத்துவிட்டுக் கட்டை விரலை வைத்தார்கள்.

போஸ்டரும் ஆளுக்கு ஆள் மாறும். 'குட் வில் ஹன்டிங்' படத்தையே உதாரணமாகக் காட்டி அவர்கள் விளக்கியிருக்கிறார்கள்: காதல் படம் நிறையப் பார்ப்பவருக்கு ஜோடியின் படம், காமெடி பார்ப்பவருக்கு ராபின் வில்லியம்ஸ் முகம். அதாவது நாம் எதைத் தட்டுவோம் என்று கண்டுபிடிப்பதில் முகப்பு கெட்டிக்காரன். பார்த்து முடித்ததும் நமக்குப் பிடித்திருக்குமா என்பது வேறு கேள்வி. வீட்டில் நாலு பேரும் ஒரே ப்ரொஃபைலில் பார்த்தால் அந்தக் கெட்டிக்காரத்தனமும் போச்சு. பிள்ளைகள் பார்த்த கார்ட்டூன்களைப் பார்த்தவை பட்டியலில் போய் மறைத்துவிடுங்கள். ஒரு நாளுக்குள் பரிந்துரை கொஞ்சம் தெளியும்.

தேடல் பெட்டி இன்னொரு கொடுமை. எந்தச் சேவை என்று சொல்லவில்லை, அதில் 'ழ' வருகிற ஒரு படப் பெயரைத் தேடினேன். எல் போட்டு அடித்தால் ஒன்றுமில்லை. இசட் எச் போட்டால் படம் வந்து நிற்கிறது. ரிமோட்டில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அமுக்குகிறவனுக்கு இது எப்படி இருக்கும்!

ஜஸ்ட்வாட்ச், பெர்லினைச் சேர்ந்த ஒரு தளம். எந்தப் படம் எந்த ஓடிடியில் இருக்கிறது, வாடகைக்கு என்றால் எவ்வளவு என்று சொல்லும். நீங்கள் சந்தா கட்டியிருக்கும் சேவைகளை மட்டும் தேர்ந்து, ஆண்டு, வகை, நாடு என்று சலித்தெடுக்கலாம். நாடு இந்தியா என்று வைத்தால் தமிழ், மலையாளம், இந்தி எல்லாம் கலந்து கொட்டும் என்பதுதான் குறை. பெயர் தெரிந்த படத்தின் விலாசத்துக்கு இதைவிட்டால் ஆளில்லை. என்ன பார்ப்பது என்று தெரியாதவருக்கு இதுவும் ஒரு பெரிய முகப்புதான்.

மதிப்பெண் பார்த்து முடிவெடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விமர்சகர்களின் கருத்துகளைத் திரட்டும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் 90 சதவீதம் என்றால் படத்துக்கு நூற்றுக்குத் தொண்ணூறு என்று அர்த்தமில்லை. பத்து விமர்சகரில் ஒன்பது பேர் 'தேவலாம்' என்றோ அதற்கு மேலோ சொன்னார்கள், அவ்வளவே. பார்வையாளர்களே மதிப்பெண் போடும் ஐஎம்டிபி தளத்தில் பெரிய ஹீரோ படம் வெளியான வாரம் வருகிற மதிப்பெண்ணை ரசிகர் மன்றக் கட்அவுட் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

என் ஓட்டு லெட்டர்பாக்ஸ்டுக்கு. நியூசிலாந்தில் 2011-இல் தொடங்கியது. சினிமா நாட்குறிப்பு மாதிரி: பார்த்ததைக் குறித்து, அரை முதல் ஐந்து வரை நட்சத்திரம் போட்டு, பார்க்க வேண்டியதைச் சேர்த்து வைக்கலாம். சராசரியைவிட அதன் பக்கத்தில் இருக்கிற பட்டை வரைபடத்தைப் பாருங்கள். ஐந்திலும் அரையிலும் கூட்டம் நின்றால் சண்டை போட வைக்கிற படம். எனக்கு அதுதான் வேண்டும்.

இதில் அள்ளித் தருவது ஆட்களின் பக்கங்கள். நடிகர், இயக்குநர் மட்டுமல்ல, ஒளிப்பதிவாளர், எடிட்டர் பெயரையும் தட்டலாம். 'முள்ளும் மலரும்' பார்த்துவிட்டு ஒளிப்பதிவு யார் என்று பாலு மகேந்திராவின் பெயரைப் பிடித்துப் போனால், 1974-இல் இயக்குநர் ராமு காரியாட்டுக்கு அவர் எடுத்துக்கொடுத்த மலையாளப் படம் 'நெல்லு', மணிரத்னத்தின் முதல் படமான 1983-ஆம் ஆண்டு கன்னட 'பல்லவி அனுபல்லவி' என்று வழி நீண்டுகொண்டே போகும். எந்த முகப்பும் எனக்கு இதைக் காட்டியதில்லை. எங்கே பார்க்கலாம் என்ற விவரத்தை ஜஸ்ட்வாட்சிடமிருந்துதான் வாங்கிப் போடுகிறார்கள். நம் சேவைகளில் உள்ளதை மட்டும் வடிகட்டிக் காட்டச் சொன்னால் காசு கேட்பார்கள்.

தேடவே சோம்பலா? மூபி என்ற ஓடிடி இருக்கிறது. முன்பு நாளுக்கு ஒரு படம் வரும், ஒன்று போகும். எப்போதும் முப்பதே படம். 2020-இல் பெரிய நூலகத்தையும் திறந்துவிட்டார்கள். ஆள் பார்த்துப் பொறுக்கி வைத்த படங்கள் என்பதால் குப்பை குறைவு. ஆனால் தோசையோடு பார்க்கிற படம் அங்கே அவ்வளவாகக் கிடைக்காது.

இப்போது எங்கள் வீட்டில் படம் மதியமே முடிவாகிவிடுகிறது. பஸ்ஸில் வரும்போது லெட்டர்பாக்ஸ்டில் மூன்று பெயர், ஜஸ்ட்வாட்சில் விலாசம், மூன்றையும் வீட்டு வாட்ஸப் குழுவில் போட்டால் மனைவி ஒன்றில் கட்டை விரல் வைப்பார். டிவியை அணைத்தே வைத்துக்கொண்டு செய்கிற வேலை இது. மாட்டிக்கொள்வது பழைய தமிழ்ப் படங்களில்தான். எழுபதுகளின் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைத் தேடினால் எந்த ஓடிடியிலும் இல்லை என்று ஜஸ்ட்வாட்ச் கைவிரிக்கும். யூடியூபில் போய்ப் பார்த்தால் உரிமை வைத்திருக்கும் நிறுவனமே முழுப் படத்தையும் ஏற்றி வைத்திருக்கும், நடுநடுவே விளம்பரத்தோடு.