கொல்லைக்கு முல்லையா, குண்டுமல்லியா?

தை பிறந்து கொல்லையைச் சுத்தம் செய்யும்போதெல்லாம் எங்கள் தெருவில் இந்தப் பேச்சு வரும். திருவையாற்று வீட்டில் இரண்டையும் வளர்த்துப் பார்த்தேன். கடைசியில் குண்டுமல்லி இருந்த குழிகளிலேயே முல்லையை நட்டுவிட்டேன். எனவே நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மல்லி மொட்டுக்குக் கனம் அதிகம், சரமும் சீக்கிரம் நிறையும். அதில் தகராறு இல்லை. முல்லைக்குப் பந்தல் போட வேண்டுமே என்பார்கள்; வருடா வருடம் வெட்டிவிட்டால் அதுவும் புதராகத்தான் நிற்கும்.

விஷயம் கவாத்தில், அதாவது வருடாந்திரக் கிளை வெட்டில், இருக்கிறது. குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்திலும் முல்லையை ஜனவரி கடைசி வாரத்திலும் வெட்டச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். நவம்பர் கடைசியில் நம் ஊர் எப்படி இருக்கும்? வடகிழக்குப் பருவமழை அடித்து ஊற்றும். களிமண்ணில் காலை வைத்தால் செருப்பு உள்ளேயே தங்கிவிடும். அவர்கள் சொன்னபடியே நானும் ஐந்து மல்லியை வெட்டினேன். அடுத்த நாலு நாள் விடாமல் மழை. வெட்டுவாய் கறுத்து, வேரடியில் தண்ணீர் நின்று, மூன்று செடி போயே போயிற்று. மறு வருடம் மிச்சத்தைத் தையில் வெட்டினேன். பூ தள்ளிப்போய்ச் சித்திரையில் வந்தது. வந்த மொட்டும் பாதி ஊதா நிறமாகி, ஓட்டை விழுந்து கிடந்தது. மொட்டுப்புழு.

முல்லைக்கு இந்தத் தொல்லை இல்லை. அதை வெட்டும் வாரத்தில்தான் காவிரிப் பாசனத்துக்குத் தண்ணீர் விடும் மேட்டூர் அணையையும் வழக்கமாக மூடுவார்கள், ஜனவரி 28-ல். சம்பா அறுவடை நடக்கும், மழை ஓய்ந்திருக்கும், மண் கையில் உதிரும். தரையிலிருந்து 45 செ.மீ. விட்டு, ஏறக்குறைய முழங்கால் உயரத்தில், வெட்ட வேண்டியதுதான். காய்ந்த குச்சி, நோய்ப்பட்ட குச்சி எல்லாவற்றையும் கழித்துவிட்டு, செடிக்கு 10 கிலோ மக்கிய தொழு உரம் போட்டு மண் அணைப்பேன். பத்துப் பன்னிரண்டு நாளில் கணுவில் அரிசி முனை அளவுக்குப் பச்சை எட்டிப் பார்க்கும். ஆற்றில் தண்ணீர் வருவது நின்ற பிறகு ஊற்றுவதெல்லாம் போர் தண்ணீர்தான் என்பதால் இளம் இலை சில சமயம் மஞ்சளிக்கும். அதற்கு லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்துத் தெளிக்கிறேன்.

குறை இல்லாமல் இல்லை. மொட்டு ஒல்லி, பறிக்கவே பொறுமை வேண்டும். "இவ்வளவு பறிச்சும் ஒரு முழம் தேறலையேடா" என்று வாழைநாரைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா அலுத்துக்கொள்வாள். முல்லையில் புழுவை நான் அதிகம் பார்க்கவில்லை, ஆனால் இது ஐந்து செடிக்காரன் பேச்சு. சந்தைக்குப் பூ போடுகிறவர்கள் இதை நம்பிக் காட்டை மாற்ற வேண்டாம்.

மாசியிலேயே சாமிக்குப் பூ வேண்டும் என்றால் மல்லிதான். ஆனால் அதை மேட்டில் வையுங்கள். அம்மாவுக்காகக் கிணற்றடி மேட்டில் புதிதாக ஒரு குண்டுமல்லி வைத்திருக்கிறேன். நவம்பரில் வானத்தைப் பார்த்துவிட்டு அதற்கு மட்டும் கத்திரி எடுப்பேன்.