பழைய டேட்டாவா, குலுக்கல் சோதனையா?

நினைவூட்டல் அனுப்பினால் ஆட்கள் செயலியைத் தொடர்ந்து பயன்படுத்துவார்களா? எங்கள் அணி முடிவெடுக்க வேண்டியிருந்தது. வழிகள் இரண்டு: கையிலிருக்கும் பழைய டேட்டாவில் ஒட்டுறவு (இரண்டு விஷயங்கள் சேர்ந்தே கூடிக் குறைகின்றனவா என்பது) பார்ப்பது, அல்லது பயனர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு மட்டும் அனுப்பிப் பார்ப்பது. நான் இரண்டாவதன் பக்கம் நின்றேன்.

முதல் வழி மலிவு, வேகம். அதில் சண்டை இல்லை. ஆனால் நினைவூட்டலைத் தாமாகவே போட்டுக்கொண்டவர்கள் ஏற்கெனவே ஆர்வமுள்ளவர்கள். அவர்கள் விலகாமல் இருப்பது நினைவூட்டலாலா, ஆர்வத்தாலா?

வயது, பழக்கம் எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்துச் சரிக்கட்டலாமே என்பார்கள். சரி, அளந்ததைச் சரிக்கட்டலாம். அளக்காததை? என்னைப் பொறுத்தவரை எல்லாம் இந்த இடத்தில்தான் தீர்கிறது. ஆட்கள் போதுமான அளவு இருந்தால், நமக்குப் பெயர்கூடத் தெரியாத காரணிகளையும் குலுக்கல் இரு பக்கமும் ஏறக்குறையச் சமமாகப் பரப்பிவிடும். எவ்வளவு பெரிய டேட்டா வைத்திருந்தாலும் வெறும் ஒட்டுறவால் அது ஆகாது.

கேரட் போன்றவற்றில் உள்ள பீட்டா கரோட்டின் என்ற சத்தின் கதையைப் பாருங்கள். அதை உணவில் அதிகம் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று பல கண்காணிப்பு ஆய்வுகள் (எதையும் மாற்றாமல், நடப்பதை மட்டும் கவனிப்பவை) காட்டின. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் சுமார் 29,000 பேரைக் குலுக்கலில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு அதை மாத்திரையாகக் கொடுத்தார்கள். 1994இல் வந்த முடிவு: மாத்திரை எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். (உணவும் மாத்திரையும் ஒன்றல்ல என்ற வாதத்திலும் நியாயம் உண்டு.)

குலுக்கல் எல்லா இடத்திலும் நடக்காது. யாரையும் சீட்டுப் போட்டுப் புகைபிடிக்க வைக்க முடியுமா? 1950இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் டாலும் ஹில்லும் புகைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டியது கண்காணிப்பு டேட்டாவை வைத்துத்தான். சோதனைகளில் குலுக்கலை வேரூன்றச் செய்த புள்ளியியலாளர் ஃபிஷரோ, இரண்டுக்கும் பொதுவாக ஏதோ மரபணு இருக்கலாமே என்று கடைசிவரை மல்லுக்கு நின்றார். ஆனால் புகைக்கும் அளவு கூடக்கூட ஆபத்து கூடியது, விட்டவர்களுக்குக் குறைந்தது. இப்படிப் பல பக்கத்திலிருந்தும் சான்று குவிந்தால் ஒட்டுறவையும் நம்பலாம். அதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும், அவ்வளவுதான்.

எங்கள் சோதனை குறுகிய காலம்தான் ஓடியது. நாள்பட நினைவூட்டலே எரிச்சலாகி ஆட்கள் போய்விடுவார்களா என்பதற்கு அதில் பதில் இல்லை. அதனால் எல்லோருக்கும் திறந்துவிட்ட பிறகும், ஒரு சிறு குழுவுக்கு மட்டும் அனுப்பாமலே வைத்திருக்கிறோம்.