புரொப்பல்லரை மாற்றினால் எவ்வளவு சோதனை?

காசிமேட்டில் விசைப்படகுக்குப் புது புரொப்பல்லர் மாட்டினால், துறைமுக வாய் தாண்டி ஒரு சுற்று போய்ப் பார்ப்பார்கள். ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) ஏறாமல் கரும்புகை தள்ளினால் பிட்ச், அதாவது புரொப்பல்லர் இறக்கையின் சாய்வுக் கோணம், அதிகம் என்று கரைக்குத் திரும்பலாம். விமானத்தில் அப்படித் திரும்பிவர முதலில் ரன்வே கண்ணில் பட வேண்டும். அமெரிக்காவில் சொந்தமாக விமானம் கட்டிப் பறக்கும் அக்கா மகன், "மரத்தை மாத்திடலாமா மாமா?" என்று கேட்கிறான். மரம் என்றது அவன் விமானத்தில் இப்போதிருக்கும் மர புரொப்பல்லரை. ராயபுரத்தில் லேத் வைத்திருப்பவனிடம் கேட்டால் வேலையைக் கணக்குப் போட்டுத்தானே சொல்வேன்.

அதே பிட்ச், அதே மாடல் மர புரொப்பல்லர் என்றால் வேலை குறைவு. லாக்புக்கில் எழுதி, புரொப்பல்லர் இறக்கை நுனிகள் ஒரே தடத்தில் சுற்றுகின்றனவா என்று பார்த்தால் போதும். ஆனால் ஈரத்தில் மரம் உப்பும், வெயிலில் சுருங்கும். முதல் பறப்பு முடிந்ததும் போல்ட் டார்க்கை (முறுக்கிய இறுக்கத்தை) திரும்பப் பார்த்தே ஆக வேண்டும்.

தரையில் கோணம் திருத்தும் வகை எனக்குப் பிடித்தது. ஒவ்வொரு இறக்கையையும் அளவுகருவி வைத்து ஒரே கோணத்துக்குக் கொண்டுவர வேண்டும். அரை டிகிரி பிசகினாலே அதிர்வு தெரியும். விமானத்தைக் கட்டிவைத்து முழு த்ராட்டிலில் ஆர்பிஎம் பார்க்கவேண்டும். அப்புறம் ஏறும்போது, கடைசியாக மட்டமாகப் பறக்கும்போது. கோணம் குறைந்தால் மட்டப் பறப்பில் இன்ஜின் ஆர்பிஎம் மீட்டரின் சிவப்புக் கோட்டைத் தாண்டும். கூடினால் மேலெழும்ப ஓடும் தூரம் நீளும், ஏற்றம் மந்தமாகும்.

பறக்கும்போது ஆர்பிஎம் மாறாமல் இருக்கத் தானே கோணம் மாற்றும் கான்ஸ்டன்ட் ஸ்பீடு வகைதான் பெரிய விவகாரம். கவர்னர் (கோணத்தை மாற்றும் கட்டுப்பாட்டுக் கருவி), இன்ஜின் எண்ணெய் அழுத்தம், மூக்கில் கூடும் எடை, புது எடை-சமநிலைக் கணக்கு என்று எல்லாம் வரும். லைகமிங் ஓ-360 இன்ஜினுடன் சில ஹார்ட்செல் கம்பெனி புரொப்பல்லர்களை 2000 முதல் 2250 ஆர்பிஎம் வரை தொடர்ந்து ஓட்டக்கூடாது. காகித வேலையும் உண்டு. நிலையான பிட்சிலிருந்து பறக்கும்போதே மாறும் பிட்சுக்குப் போவதை அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ-வின் வழக்கமான இயக்க வரம்புத் தாள் (விமானத்தை எப்படிப் பறக்கலாம் என்ற நிபந்தனைகள்) பெயர் சொல்லியே பெரிய மாற்றமாகக் குறிக்கிறது. எஃப்ஏஏ-வின் வட்டார அலுவலகத்துக்குத் தெரிவித்து, எழுத்தில் பதில் வந்தபிறகுதான் பறக்கலாம். குறைந்தது 5 மணி நேரச் சோதனைப் பறப்பு, பகலில், ஆள் நடமாட்டம் குறைந்த பகுதியில், தேவையான விமானியைத் தவிர யாரையும் ஏற்றாமல்.

தரையில் கோணம் திருத்தும் நடு வகைக்கு விதி அவ்வளவு பளிச்சென்று இல்லை. எடையோ பறக்கும் குணமோ கணிசமாக மாறினால் அதுவும் பெரிய மாற்றமே. அவன் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கட்டும். சந்தேகம் இருந்தால் 5 மணி நேரமே சரி. இன்ஜின் கம்பெனிக்காரர் ஒத்துக்கொண்டால் நடு வகையை வாங்கச் சொல்வேன். ஓடுபாதை நீளமாக இருக்கிறது, வேகத்துக்கும் அவசரமில்லை என்றால் பழைய மரமே இருக்கட்டும்.